வீட்டிலேயே செய்யும் வீரன் தலைக்கவசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறேன். தட்டைத் துணியை உருண்டை உடம்புக்கு எப்படி வெட்டுவது என்பதுதான் என் பிழைப்பு. மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, மாறுவேடப் போட்டிக்கு டிராகனோடு சண்டை போடுகிற ராணியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். அன்றைக்குச் செய்ததுதான் என் முதல் தலைக்கவசம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேடையில் அவள் தலையைத் திருப்பியதும் கவசம் திரும்பவில்லை, தலை மட்டும் உள்ளே திரும்பியது. பாதி வசனத்தைக் கண் துளை இல்லாத பக்கத்துக்குள் இருந்தே சொல்லி முடித்தாள்.

அதற்கப்புறம் இருபதுக்கு மேல் செய்துவிட்டேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு, நோம்பி (ஊர்த் திருவிழா) நாடகத்துக்கு, சினிமா, கார்ட்டூன் பாத்திரம் மாதிரி வேடம் போடுகிற காஸ்ப்ளே போட்டிக்குப் போகிற கோவைக் கல்லூரிப் பசங்களுக்கு. கேட்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவைக்கிறேன்.

எந்தப் பொருளில் செய்வது நல்லது?

முதல் தடவை என்றால் ஈவா ஃபோம். ஜிம்மிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் தரையில் விரிப்பார்களே, பல் பல்லாக ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பாய், அதுவேதான். செருப்பின் அடிப்பாகத்திலும் இது இருக்கிறது. கத்தியால் வெட்டலாம், சூடு காட்டினால் வளையும், கீழே விழுந்தால் உடையாது. பெரியவர்களுக்கான ஒரு கவசம் முந்நூறு கிராம் சுற்றித்தான் வரும். பிள்ளை ஒரு மணி நேரம் தலையில் வைத்திருக்க வேண்டிய சாமான் இது. எடைதான் முதல் கணக்கு, அழகு அதற்கு அடுத்தது.

நம் கூத்துக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். தெருக்கூத்துக் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது வழக்கம். அந்த மரம் அவ்வளவு லேசு. விடிய விடிய ஆட வேண்டியவன் தலையில் தேக்கையா வைப்பார்கள்?

ஃபோம் வேண்டாம், காசு செலவில்லாமல் வேண்டும் என்றால் காகிதம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஃபோம் எங்கே கிடைக்கும்? எவ்வளவு வாங்க வேண்டும்?

விளையாட்டுச் சாமான் கடைகளில் பாயாகக் கிடைக்கும். தாளாக வேண்டுமென்றால் செருப்புத் தயாரிப்புக்கான மூலப்பொருள் விற்கும் கடைகளிலும், சீட் கவர், ரெக்சின் விற்கும் கடைகளிலும் கேளுங்கள். 60 செ.மீ.க்கு 60 செ.மீ. பாய், 10 மி.மீ. தடிமனில் இரண்டு. நெற்றிப் பட்டை, ஓர அலங்காரத்துக்கு 5 மி.மீ. தாள் ஒன்று. மெல்லிய கோடுகளுக்கு 2 மி.மீ. தாள் ஒன்று. இதில் பெரிய ஆளுக்கே மிஞ்சும். பாயில் ஒரு பக்கம் சொரசொரப்பான பூ அச்சு இருக்கும், அது உள்பக்கம் போக வேண்டும்.

ரப்பர் பசை 200 மி.லி. போதும். ஃபெவிகால் எஸ்ஆர் 505, ஃபெவிபாண்ட் எதுவானாலும் சரி. செருப்புத் தைப்பவர்கள் 'சொல்யூஷன்' என்று சொல்வது இந்த வகைதான். வெள்ளை ஃபெவிகாலில் ஃபோம் ஒட்டாது, அதாவது ஒட்டின மாதிரி இருந்துவிட்டு விழா அன்றைக்கு விட்டுப்போகும்.

வெல்க்ரோ, எலாஸ்டிக், ஐலெட், பொத்தான் எல்லாம் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வெளியூர்க்காரர்கள் காதர்பேட்டைக்கு ஒரு நடை வந்து போனால் உள்பக்கத்துக்கு வேண்டிய பனியன் துணியும் சல்லிசாக முடிந்துவிடும்.

அளவு எப்படி எடுப்பது?

புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்னந்தலையில் துருத்திக்கொண்டிருக்கும் இடம் வழியாக டேப்பைச் சுற்றுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54-இலிருந்து 60 செ.மீ.க்குள் வரும். அன்றைக்கு எப்படித் தலை வாருவார்களோ அப்படி வாரிவிட்டு அளவு எடுங்கள். என் மகளுக்கு ஒருமுறை தலை விரித்திருக்கும்போது அளவெடுத்தேன். விழா அன்று அவங்க ஆத்தா இரட்டைச் சடை போட்டு, கனகாம்பரமும் வைத்துவிட்டார். கவசம் பூவுக்கு மேல் மிதந்தது.

முகத்தையும் சேர்த்து மூடுகிற கவசம் என்றால் டேப் போதாது. சமையலறையில் வைத்திருக்கும் ஒட்டுப்படலத்தை (கிளிங் ஃபிலிம்) தலையைச் சுற்றிப் போர்த்தி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு, பின்னால் கத்தரித்துக் கழற்றினால் தலையின் அச்சு கிடைத்துவிடும். மூக்கையும் வாயையும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. குழந்தைக்குச் செய்யும்போது இன்னொரு ஆள் கூடவே இருக்கட்டும்.

டேப் அளவு அப்படியே போதுமா? வெட்டினால் எப்போதும் சின்னதாகிவிடுகிறதே?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் வருகிறது. பேட்டர்ன் போடுகிறவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுற்றிலும் ஒரு செ.மீ. மெத்தை வேண்டும். ஆரத்தில் ஒரு செ.மீ. கூடினால் சுற்றளவில் ஆறேகால் செ.மீ. கூடும். ஆக உள்சுற்று 62. இப்போது ஃபோமின் தடிமன். தடித்த பொருளை வளைக்கும்போது உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுவில்தான் அளவு மாறாமல் நிற்கும். 10 மி.மீ. ஃபோமுக்கு அதனால் இன்னும் 3 செ.மீ. சேர்க்க வேண்டும். வெட்ட வேண்டிய அளவு 65. டேப் 56 காட்ட, நாம் 65 வெட்டுகிறோம். இதை நம்பாமல்தான் எல்லோரும் சின்னதாக வெட்டிவிடுகிறார்கள்.

மண்டையின் குவிவுக்கு, உச்சியில் கூடுகிற பூவிதழ் மாதிரி ஆறு துண்டு; இதழ் என்றே சொல்கிறேன். 65-ஐ ஆறால் வகுத்தால் ஓர் இதழின் அடி அகலம் 10.8 செ.மீ. உயரம் சுற்றளவில் கால் பங்கு, அதாவது 16.3 செ.மீ. இதழின் பக்கக் கோடு நேராக இருக்கக் கூடாது. நேராக வெட்டினால் கூம்புதான் வரும், பிறந்தநாள் தொப்பி மாதிரி. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் அகலம் 9.4, பாதியில் 7.6, மூன்றில் இரண்டு பங்கில் 5.4, உச்சியில் பூஜ்ஜியம். இந்தப் புள்ளிகளை அட்டையில் குறித்து, வளைவாகச் சேர்த்துவிடுங்கள். ஓர் இதழை வரைந்தால் போதும், மீதி ஐந்தையும் அதை வைத்தே வெட்டலாம். தலை சரியான வட்டம் இல்லை, முன்னும் பின்னும் நீளமானது. பரவாயில்லை, ஃபோம் அந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும்.

தையல் தெரிந்தவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. நானே செய்தேன். ஃபோமில் தையல் மடிப்புக்கு இடம் கிடையாது. விளிம்பும் விளிம்பும் முட்டித்தான் ஒட்டும். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு பக்கமும் ஒரு செ.மீ. விட்டு வெட்டினேன். ஆறு இதழ், பன்னிரண்டு விளிம்பு, பன்னிரண்டு செ.மீ. அதிகம். ஒட்டி முடித்ததும் என் தலைக்குள்ளேயே சுழன்றது. கடைசியில் அதைத் தொட்டிப் பூச்செடிக்கு வெயில் மறைப்பாகக் கவிழ்த்துவைத்தோம்.

நெற்றிப் பட்டையை 5 மி.மீ. தாளில் வெட்டி வெளியே ஒட்டுவதானால் அது 65 அல்ல, 70 செ.மீ. வேண்டும். வெளிச்சுற்று பெரியது. தாள் 60 செ.மீ. நீளம்தான் என்றால் இரண்டு துண்டாகத்தான் வரும். சேர்க்கும் இடத்தைக் காது மறைப்புக்கு அடியில் ஒளித்துவிடுங்கள்.

ஒட்டிய இடத்தில் பிளவு தெரிகிறது. என்ன செய்வது?

இரண்டு காரணம்தான். ஒன்று மொக்கைக் கத்தி. நான்கு இதழ் வெட்டினால் கட்டர் பிளேடை ஒரு பல் ஒடித்துவிடுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும், ரம்பம் போல அறுக்கக் கூடாது.

இரண்டாவது அவசரம். ரப்பர் பசையை இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, ஐந்து பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் பிடிக்காது. காய்ந்த பிறகு சேர்த்தால் தொட்ட இடத்தில் பிடித்துவிடும், நகர்த்த முடியாது. அதனால் உச்சியில் தொடங்காமல் அடியிலிருந்து ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாகச் சேர்த்துக்கொண்டே மேலே போங்கள். காத்திருக்கிற நேரத்தில் ஒரு டீ குடிக்கலாம், ஆனால் அடுப்படியில் அல்ல. இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும், தலையையும் சுற்றவைக்கும். திண்ணையிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் செய்யுங்கள்.

அப்படியும் பிளவு தெரிந்தால் அங்கே 2 மி.மீ. தாளில் ஒரு பட்டையை ஒட்டி, அதன் மேல் வரிசையாகப் பாதி முத்து மணியை ஒட்டிவிடுங்கள். இரும்புக் கவசத்தில் ஆணி அடித்த மாதிரியே இருக்கும். இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939-இல் ஒரு பழைய கப்பல் புதைகுழியைத் தோண்டியபோது கிடைத்த தலைக்கவசம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகத்தான் வந்தது. ஒட்டிச் சேர்த்ததைத்தான் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். ஒட்டு தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சூடு காட்டும் கருவி கட்டாயம் வேண்டுமா?

இருந்தால் நல்லது. ஹீட் கன் ஃபோமை வளைக்க மட்டுமல்ல, அதன் மேல்தோலில் இருக்கும் நுண்துளைகளை மூடவும் பயன்படும். சூடு பட்டதும் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும், புகை வந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வாங்க வேண்டாம், போன் சர்வீஸ் கடையிலோ, கார் ஸ்டிக்கர் ஒட்டும் கடையிலோ தெரிந்தவர் இருந்தால் அரைமணி நேரம் கேட்டுப் பாருங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரில் மெல்லிய தாள் வளையும், 10 மி.மீ. ஃபோம் சிரமம். கேஸ் அடுப்பில் காட்டாதீர்கள்.

காகிதத்தில் செய்வது எப்படி?

பலூன் ஊதி அதன் மேல் ஒட்டச் சொல்வார்கள். பலூன் யார் தலை மாதிரியும் இருக்காது. நான் போசியை, அதாவது பாத்திரத்தை, கவிழ்த்துவைத்துத்தான் செய்கிறேன். அடி உருண்டையாக, வாய் அகலமாக, விட்டம் 20 செ.மீ. சுற்றி இருக்கிற போசி பெரியவர்கள் தலைக்குச் சரியாக வரும். வாய் குறுகிய பாத்திரம் வேண்டவே வேண்டாம், காய்ந்த பிறகு கழற்ற வராது. எங்கள் வீட்டில் ஒரு குண்டான் இப்படிக் காகிதத்தோடு இரண்டு நாள் கிடந்தது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயம்.

போசியின் மேல் பாலித்தீன் கவரை இழுத்துக் கட்டுங்கள். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் இரண்டு மூன்று செ.மீ. பட்டைகளாகக் கிழியுங்கள். கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும், கத்தரித்த ஓரம் வரி வரியாகத் தெரியும். ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக. இரண்டு அடுக்குக்கு ஒருமுறை காயவிட்டு, ஆறு அடுக்கு. கடைசி அடுக்குக்கு வெள்ளைத்தாள்.

பசைக்கு மைதாக் கஞ்சி போதும். கப்பு மைதாவுக்கு ஐந்து கப்பு தண்ணீர் விட்டுக் கட்டி தட்டாமல் காய்ச்சுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் முகத்தில் படுகிற சாமானுக்கு வேண்டாம். புளியங்கொட்டைப் பசை இன்னும் உறுதி. வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து அரைத்துக் காய்ச்ச வேண்டும். ஜவுளி வேலையில் கஞ்சிக்கும் சாய அச்சுக்கும் பயன்படுகிற சரக்குதான் அது. பொறுமை உள்ளவர்கள் செய்து பாருங்கள்.

மாசி பங்குனியில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஆரம்பித்தால் பூசணம் பிடிப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

கொம்பு வைக்க ஆசை. கனம் தாங்குமா?

கொம்பில்லாமல் என்ன வீரன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வடக்கு ஐரோப்பாவின் வைக்கிங்குகள் போரில் கொம்பு வைத்த கவசம் போட்டதற்குச் சான்றே இல்லை. நார்வேயில் யெர்முண்ட்பு என்ற பண்ணையில் 1943-இல் கிடைத்த வைக்கிங் காலக் கவசத்தில் கொம்பு கிடையாது, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம்தான் இருக்கிறது. 1876-இல் ஜெர்மனியில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் கொம்பு வைத்தார், அதிலிருந்து உலகமே வைக்கிங் என்றால் கொம்பு என்று வரைய ஆரம்பித்துவிட்டது. ஆக, கொம்பு என்பது மேடைச் சமாசாரம். நாமும் மேடைக்குத்தானே செய்கிறோம், தாராளமாக வைக்கலாம்.

வைப்பதானால் எதற்கு வெளிநாட்டுக் கொம்பு? காங்கயம் காளையைப் பாருங்கள். கொம்பு அடியில் பருத்து, வெளியே விரிந்து, பின்னால் சாய்ந்து, நுனிகள் மறுபடி ஒன்றையொன்று தேடி வரும். இந்த வடிவத்தில் ஒரு வேலைச் சௌகரியமும் உண்டு. நுனி உள்ளே திரும்பியிருப்பதால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணைக் குத்தாது, வாசல் நிலையிலும் இடிக்காது. கொம்பு முன்பக்கம் சாயாமல் பின்னால் போவதால் கவசம் நெற்றியில் இறங்கி விழுவதும் குறையும்.

செய்முறை: செய்தித்தாளை இறுகச் சுருட்டி நூலால் கட்டி வளைவைக் கொண்டுவந்து, மேலே மாஸ்கிங் டேப் சுற்றி, இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்டுங்கள். வளைவு நிற்க உள்ளே ஒரு மெல்லிய கட்டுக்கம்பி போடலாம், ஆனால் நுனிக்கு நான்கு விரல் முன்னாலேயே மடித்துவிட வேண்டும். கவசத்தில் வெளியே மட்டும் ஒட்டினால் கழன்றுவிடும். துளை போட்டு, கொம்பின் அடியை உள்ளே ஒரு அங்குலம் விட்டு, நான்காகப் பிளந்து விரித்து ஒட்டி, மேலே ஒரு ஃபோம் வட்டம் வைத்து மூடுங்கள். அப்புறம் வர்ணம். மாட்டுப் பொங்கலுக்குப் பூசுகிற மாதிரி ஒன்று நீலம், ஒன்று சிவப்பு என்று பூசி ஒரு பையனுக்குக் கொடுத்தேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் மேடையில் நின்ற பதினான்கு வீரர்களில் அவனைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

தோட்டத்தில் கிடைப்பதை வைத்துச் செய்ய முடியுமா?

காட்டுவாசி, பூதம், வனதேவதை என்றால் கடைக்கே போக வேண்டாம். தென்னம்பாளையின் மட்டை படகு மாதிரி இருக்குமே, அதைக் குறுக்கிச் செதுக்கி உச்சியில் நிறுத்தினால் அருமையான கொண்டை. பன்னாடையைக் கழுத்துப் பக்கம் தொங்கவிட்டால் நூறு வருசம் காட்டில் கிடந்த கவசம் போல ஆகிவிடும். பாக்கு மட்டை இன்னும் நல்லது. தண்ணீரில் ஊறவைத்தால் தோல் மாதிரி வளையும். வேண்டிய வடிவத்துக்குக் கட்டி நிழலில் காயவிட்டால் அப்படியே நிற்கும். கன்ன மறைப்பு, சிறகு, காது எல்லாம் அதில் வெட்டலாம். ஓரம் கீறும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

தலைமேல் குஞ்சத்துக்குத் தென்னை நாரைச் சாயத்தில் முக்கிக் கட்டுங்கள். மயிலிறகு வேண்டுமென்றால் காட்டில் தானாக உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது.

சங்கிலி வலை தொங்குகிற மாதிரி கழுத்து மறைப்பு?

உண்மையான வளையக் கவசம் கிலோக்கணக்கில் இழுக்கும். தடித்த ரிப் பனியன் துணியோ, பழைய கம்பளி ஸ்வெட்டரோ எடுத்து, கறுப்புச் சாயம் போட்டு, காய்ந்த தூரிகையில் வெள்ளி வர்ணத்தை ஒற்றி ஒற்றி எடுங்கள். பத்தடி தள்ளி நின்றால் இரும்பு. மேடையில் எல்லாமே பத்தடிக்கு அப்பால்தான்.

இரும்பு மாதிரி தெரிய எப்படி வர்ணம் பூசுவது?

முதலில் ஃபோமின் துளையை மூட வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வர்ணம் ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளை ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மூன்று கை பூசுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதன் மேல் கறுப்பு அக்ரிலிக், முழுவதும். வெள்ளியை நேராகப் பூசினால் பாத்திரக் கடைச் சாமான் மாதிரி ஆகிவிடும். கறுப்பின் மேல், தூரிகையைத் துணியில் துடைத்துக் கிட்டத்தட்ட காய்ந்த நிலையில், மேடுகளில் மட்டும் வெள்ளியைத் தேயுங்கள். பள்ளத்தில் கறுப்பு நிற்கட்டும். கடைசியாகப் பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றி, ஈரத்துணியால் துடைத்தால் துருவும் அழுக்கும் மூலைகளில் தங்கும்.

துருவின் மஞ்சளுக்கு ஈரோட்டு மஞ்சள்தூளையே போட்டுப் பார்த்தேன். முதல் நாள் பிரமாதம். நாலு நாள் வெயிலில் வெளுத்துப் போனது.

ஆடி மாதத்தில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றும் வேகத்தில் பாதி வர்ணம் பக்கத்து வீட்டுத் துணிக்குப் போகும், மீதியில் புழுதி ஒட்டும்.

தெர்மாகோலில் சிறகு செய்து ஸ்ப்ரே அடித்தேன், உருகிவிட்டது. ஏன்?

ஸ்ப்ரே வர்ணத்தில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ரப்பர் பசையும் அப்படியே. தெர்மாகோலுக்கு வெள்ளை ஃபெவிகாலும் தண்ணீரில் கரையும் வர்ணமும் மட்டும்தான். விழாவுக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு இதை நானும் கற்றுக்கொண்டேன்.

தலையில் நிற்க மாட்டேன் என்கிறது. உள்ளே என்ன வைப்பது?

சும்மாடு. தண்ணீர்க் குடமும் புல்லுக்கட்டும் தலையில் ஆடாமல் வந்தது எப்படி? துணியைச் சுருட்டி வளையமாக வைத்த அந்தச் சும்மாட்டினால். முதல் கவசம் திரும்பிக்கொண்ட பிறகு, நாமக்கல் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "கிரீடத்தைத் தலையிலயாங்க கட்டுவாங்க? துணியில கட்டோணும்" என்றார். முதலில் தலையில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு, அதன் மேல்தான் கிரீடத்தை வைத்துக் கயிற்றால் கட்டுகிறார்கள். தலையின் உருண்டையையும் சாமானின் உருண்டையையும் அந்தத் துணி சேர்த்துவைக்கிறது.

அன்றிலிருந்து நான் வெளிப்பக்கத்துக்குச் செலவழிக்கும் நேரம் அளவுக்கு உள்பக்கத்துக்கும் செலவழிக்கிறேன். பனியன் துணியில் கைவிரல் பருமனுக்குக் குழாய் தைத்து, உள்ளே பஞ்சு திணித்து, நெற்றியிலும் பின்னந்தலையிலும் ஒவ்வொன்று. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னத் திண்டு. உச்சியில் எதுவும் வேண்டாம், அங்கே ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் சூடு வெளியேறும். எல்லாவற்றையும் வெல்க்ரோவில் ஒட்டுங்கள். வியர்வையில் நனைந்ததைக் கழற்றித் துவைக்கலாம், அடுத்த வருடம் தலை வளர்ந்திருந்தால் மெல்லிசான திண்டு போட்டுக்கொள்ளலாம். நாடிக்கு (மோவாய்க்கு) அடியில் எலாஸ்டிக், இறுக்கமாக அல்ல, இரண்டு விரல் நுழைகிற அளவு. ஓர் ஓரத்தில் மட்டும் அதையும் வெல்க்ரோவாக வைத்தால் பிள்ளை எதிலாவது மாட்டிக்கொண்டால் இழுத்ததும் விட்டுவிடும்.

சரிபார்க்க ஒரு வழி: போட்டுக்கொண்டு குனிந்து செருப்பு மாட்டச் சொல்லுங்கள், பிறகு யாரோ பின்னால் கூப்பிட்ட மாதிரி சட்டென்று திரும்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அசையாமல் நின்றால் மேடை ஏற்றலாம்.

முகம் மூடிய கவசத்தில் கண் தெரியாமல், வேர்த்துக் கொட்டுகிறதே?

கண் துளைக்குப் பின்னால் கறுப்புக் கொசுவலைத் துணி ஒட்டுங்கள். கொசுவலைக்குக் கரூர் இருக்கவே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இருட்டு, உள்ளேயிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் விளக்கு அணைத்த மேடையில் உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. படி இருந்தால் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

காற்றுக்கு, அலங்காரம் மாதிரியே தெரிகிற துளைகளை வாய்க்கு எதிரேயும் பின்னங்கழுத்துக்கு மேலேயும் போடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் முகத்தைத் திறந்தே விடுங்கள். ஆண்டு விழா பங்குனியில் வந்தால் எந்தப் பிள்ளைக்கும் திறந்த முகம்தான் என் சிபாரிசு.

த்ரீடி பிரிண்டரில் அடித்துவிடலாமா?

அடிக்கலாம், கோவையில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுக்குக் கோடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைக்க நாலு நாள் பிடிக்கும். சாதாரணமாக அடிக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி சுற்றி இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் வீரன் முகம் கோணிக்கொள்ளும்.

தகரத்தில்?

வேண்டாங்க. ஓரம் அறுக்கும்.

இதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டலாமா? பழைய ஹெல்மெட்டின் மேலேயே ஃபோம் ஒட்டினால்?

இரண்டுமே கூடாது. இது அலங்காரம். வண்டிக்கு ஐஎஸ் 4151 தரத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதுதான் போட வேண்டும். வண்டிக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டில் துளை போட்டாலும், ரப்பர் பசை, ஸ்ப்ரே பட்டாலும் அதன் ஓடு பலவீனமாகலாம். வெளியே பார்த்தால் தெரியாது, விழும்போதுதான் தெரியும். உடைந்து ஒதுக்கிய ஹெல்மெட் என்றால் எடுத்துச் செய்யுங்கள், ஆனால் அது ஒரு கிலோவுக்கு மேல் வரும், பிள்ளைக் கழுத்துக்கு ஆகாது.

தீரன் சின்னமலை வேடத்துக்கு ஒரு தலைக்கவசம் செய்து தர முடியுமா?

வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர் அவர். படங்களிலும் சிலைகளிலும் நாம் பார்ப்பது தலைப்பாகை. ஓடாநிலை நினைவிடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, நல்ல உருமாலாகக் கட்டிவிடுங்கள். டிராகன், பூதம், வேற்றுக்கிரகம் என்றால் எங்கே வேண்டுமானாலும் கற்பனை பறக்கட்டும், இருந்த மனிதர்களுக்கு இருந்ததைப் போடுவோம்.

நாளைக்குக் காலையில் விழா, இப்போது மணி எட்டு. என்ன செய்ய?

இதழெல்லாம் வேண்டாம். அட்டைப்பெட்டியில் தலை சுற்றுக்கு ஒரு பட்டை, நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரு பட்டை, காதுக்குக் காது ஒரு பட்டை. கூடை மாதிரி ஆகும். இடைவெளியில் அட்டை முக்கோணங்களை உள்பக்கமிருந்து ஸ்டேப்ளர் அடித்து, பின்னின் கூர்முனை மேல் டேப் ஒட்டுங்கள். மேலே சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டி, கறுப்பு ஷூ பாலிஷைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். கசங்கிய கோடுகளில் கறுப்பு தங்கி, அடிவாங்கிய இரும்பாக மாறிவிடும். உள்ளே ஒரு துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைக்க மறக்காதீர்கள். பத்து மணிக்குப் படுத்துவிடலாம்.

விழா முடிந்ததும் எப்படி வைப்பது?

பசை வாசனை போக, போடுவதற்கு முன்னாலேயே இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்திருக்க வேண்டும். விழா முடிந்ததும் திண்டுகளைக் கழற்றித் துவைத்துவிட்டு, ஒரு தேங்காய் நார்த் தொட்டியைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். அட்டத்தில் மற்ற சாமான்களுக்கு அடியில் செருகினால் ஃபோம் அமுங்கின வடிவத்திலேயே நின்றுவிடும். காகிதக் கவசத்துக்குக் கரையான், எலி இரண்டும் எதிரி. மைதாப் பசை அவற்றுக்குப் பலகாரம். எங்கள் வீட்டு ராணியின் முதல் கவசத்தின் இடது கன்னம் அப்படித்தான் போனது. மகள் அதைச் சரிசெய்யவிடவில்லை. டிராகன் கடித்ததாம்.